பொய் வாக்கியம் வாசிக்காதவள்

புத்தகத்தில் 'மை ஃபாதர் இஸ் எ டொக்டர்' என்று இருந்தது. என் அப்பா ஒரு டொக்டர். அன்றைக்கு அவ்வளவுதான் பாடம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் தோட்டத்துப் புள்ளைக் காம்பராவில்தான் இங்கிலீஷ் வகுப்பு. வேலை நாளில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற இடம் அது. அதனால் நாற்காலியெல்லாம் குட்டிக் குட்டி. முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, றப்பர் மரத்தில் பால் வெட்டுகிற பொம்பிளைகள் அத்தனை பேரும் ஒரே குரலில் எங்கள் அப்பாமாரை டொக்டர் ஆக்கினோம். எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. உயிரோடு இருந்தபோது எங்கப்பாவைப் பற்றி யாரும் இவ்வளவு மரியாதையாய்ப் பேசியதில்லை.

அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

இங்கிலீஷ் வாத்தியாரை சேர் என்போம், டவுனிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற முஸ்லிம் பையன். துணிக்கடை வீட்டுப் பிள்ளை. எங்களையெல்லாம் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளிடமும் அப்படித்தான் கேட்டார்.

"ஏன் அக்கா, நீங்க வாசிக்கல்ல?"

"எங்கப்பா டொக்டர் இல்லீங்களே சேர்."

"இது சும்மா வாசிக்கிறதுக்குத்தானே."

"சும்மா வாசிச்சாலும் எங்கப்பா டொக்டர் இல்லீங்க."

நாங்கள் சிரித்தோம். சேரும் சிரித்துவிட்டு, அடுத்த மாதம் சொல்லித்தர வைத்திருந்த 'நொட்' என்ற வார்த்தையை அன்றைக்கே எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. என் அப்பா டொக்டர் இல்லை என்று அவள் இங்கிலீஷில் சத்தமாய்ச் சொன்னாள். பிறகு கொஞ்சம் யோசித்து, செத்துப்போனார் என்பதற்கு என்ன, மரத்திலிருந்து விழுந்து என்பதற்கு என்ன என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு வாங்கினாள். வகுப்பு முடியும்போது எங்கள் எல்லாருக்கும் டொக்டர் அப்பா இருந்தார். அவளுக்கு மட்டும் அவளுடைய அப்பா இருந்தார். அன்றைக்கே எனக்குள் ஒன்று உறுத்த ஆரம்பித்துவிட்டது.

அவள் பேரை நான் எழுதப் போவதில்லை. இப்போது அவள் இங்கே இல்லை. தங்கச்சி வீட்டோடு பலாங்கொடைப் பக்கம் போய்விட்டாள், அங்கே தேயிலைத் தோட்டம். பேரைப் போட்டால் எப்படியும் யாராவது அவளுக்கு வாசித்துக் காட்டுவார்கள். இந்த இடம் இப்படி நடக்கவில்லையே அக்கா என்று அங்கிருந்து ஃபோனில் ஒரு வொய்ஸ் அனுப்புவாள். அந்தத் தொல்லை எதற்கு?

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். சிங்களம் கடைத்தெருவில் கற்றது. இங்கிலீஷ் டிவியிலும், கித்துல்கல ஆற்றில் படகு விட வருகிற வெள்ளைக்காரர்களிடமும் பொறுக்கியது. யார் எதை ருசியாய்ச் சொன்னாலும் அதை எடுத்து வைத்துக்கொண்டு, இன்னோர் இடத்தில் கொஞ்சம் உப்புப் புளி சேர்த்துப் பரிமாறுவேன். கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் நான் போனால்தான் பேச்சு களை கட்டும். மரத்தில் பால் வெட்டுவதில் நான் சுமார்தான். அவள் வெட்டினால் கோடு போட்டமாதிரி இருக்கும். அதில் எனக்குக் குறையே இல்லை. அவளுக்கு மரம், எனக்கு வாய் என்று சந்தோஷமாய்த்தான் இருந்தேன். இங்கிலீஷ் வகுப்பு வைக்கப் போகிறார்கள் என்றதும் நாங்கள் குடியிருக்கிற வரிசை வீட்டு லயத்தில் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நானும் எனக்காகத்தான் வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பால் வெட்டு எப்படி என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விடியும்போதே மரத்துக்கு மரம் போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையை வைத்துவிட வேண்டும். பால் சொட்டி நிற்கிற வரைக்கும் வேலை இல்லை. அப்புறம்தான் வாளியோடு போய்ச் சேர்க்க வேண்டும். அந்த இடைவெளி எங்களுக்கு ரொட்டிக்கும் தேத்தண்ணிக்கும் ஊர்வம்புக்கும் உள்ளது. அதாவது, என்னுடையது. அந்த நேரத்தில் நான் பேசுவேன், மற்றவர்கள் சிரிப்பார்கள். அதற்குள் இங்கிலீஷைக் கொண்டுவந்து நுழைத்தவள் அவள்.

சேர் எங்களுக்கு ஒரு வட்ஸ்அப் குழு வைத்திருந்தார். தினமும் சொந்தமாய்ச் சில வாக்கியம் சொல்லி வொய்ஸ் அனுப்ப வேண்டும். நான் நேற்று லண்டனுக்குப் போனேன், ராஜாவோடு தேத்தண்ணி குடித்தேன், சீனி போதாது என்று சொன்னேன் என்று அனுப்புவேன். எல்லாரும் சிரிக்கிற பொம்மை போடுவார்கள். அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து, ஃபோனை வாய்க்கிட்டே வைத்துக்கொண்டு, கண்ணால் பார்ப்பதை மட்டும் சொல்வாள். இன்றைக்குப் பால் மெதுவாய் வருகிறது. என் காலில் ஒரு அட்டை இருக்கிறது. இப்போது கையில் இருக்கிறது. இப்போது அது பெரிசாய் இருக்கிறது. அவ்வளவுதான். பின்னால் ஒரு குருவி கத்தும்.

சேர் என் லண்டனுக்கு ஒரு கட்டை விரல் போட்டார். அவளுடைய அட்டையை ஞாயிற்றுக்கிழமை போர்டில் எழுதி எல்லாரையும் பார்த்து எழுதச் சொன்னார். லயத்துப் பிள்ளைகள்கூட ஒரு வாரம் முழுக்க 'நவ் இட் இஸ் பிக்' என்று கத்திக்கொண்டு திரிந்தன. என் ராஜாவை யாரும் அடுத்த நாள் நினைக்கவில்லை. கடைசியில் என் வீட்டிலேயே, என் மகன் சோற்றைப் பிசைந்துகொண்டு அதைச் சொன்னபோது, சும்மா தின்னுடா என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

அவள் தப்பே விடாதவள் என்று நினைக்கக் கூடாது. மலை மலையாய் விடுவாள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று சேர் கேட்டதற்கு 'ஐ கட் மில்க்' என்றாள். நான் பால் வெட்டுகிறேன். பாலை எப்படி வெட்டுவது என்று சேர் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் கோபப்படவில்லை. மறுநாள் விடியற்காலையில் சேரை மலைக்கு வரச் சொல்லி, மோட்டார் சைக்கிளைக் கீழே நிறுத்தவைத்து, மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், கத்தியைப் பட்டையில் வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். வெள்ளையாய்க் கசிந்து வந்தது. வெட்டினேன், பால் வந்தது, இதற்கு வேறு என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள். சேர் சரியான இங்கிலீஷைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, காலில் அட்டையோடு இறங்கிப் போனார். அவருக்கு அன்றைக்கு அவள்மேல் வந்த மரியாதையை நான் பார்த்தேன். தப்பு விட்டதற்கு மரியாதை! நான் தப்பே விடாமல் பேசியதற்கு இல்லாத மரியாதை!

ஏன் இப்படி ஒரு பிடிவாதம் என்று ஒரு நாள் பால் சேர்க்கப் போகிற வழியில் கேட்டேன். புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி வாசித்தால் நாக்கு தேய்ந்தா போய்விடும் என்றேன்.

"தமிழ்ல பொய் சொல்லிச் சொல்லிப் பழகிப்போச்சுக்கா" என்றாள். "சிங்களத்துல கடைக்காரன்கிட்ட சொல்றோம். இது ஒண்ணு புதுசா வந்திருக்கு. இதுலயாவது பொய் ஒண்ணும் சொல்லாம இருந்து பாப்போமேன்னு."

எவ்வளவு அழகான பேச்சு பாருங்கள். இதை நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? அந்த வாரமே ஒரு சடங்கு வீட்டில் என் பேச்சுமாதிரி எடுத்து விட்டேன். ஒரு கிழவி கேட்டுவிட்டு, இது அந்தப் புள்ள சொன்னதாச்சே என்றாள். எனக்குக் காது சுட்டது.

நாளைக்கு என்று ஆரம்பிக்கிற வாக்கியம் அவளிடம் பட்ட பாடு இன்னொரு கதை. நாளைக்கு நான் வேலைக்குப் போவேன் என்று சேர் சொல்லச் சொன்னார். மழை பெய்தால் என்று கேட்டாள். எங்களுக்கு அது பெரிய விஷயம். பட்டை நனைந்தால் மரத்தில் கத்தி வைக்க முடியாது, வேலை இல்லை, பேர் விழாது. ஒரு நாள் வேலையைத் தோட்டத்தில் ஒரு பேர் என்போம். மழை நாளில் எங்களுக்குப் பேரே இல்லை. அதனால் மழை பெய்யாவிட்டால் என்பதற்கும் சேர் இங்கிலீஷ் கொடுத்தார். 'இஃப் நோ ரெயின்.' அதிலிருந்து வகுப்பில் எவளும் நாளைய வாக்கியத்தை அது இல்லாமல் சொல்ல மாட்டாள். நாளைக்கு நான் கொழும்புக்குப் போவேன், மழை பெய்யாவிட்டால். என் மகளுக்குக் கல்யாணம் செய்வேன், மழை பெய்யாவிட்டால். தோட்டமே சிரித்தது. தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரையே அதைக் கேட்டுச் சிரித்தார் என்று கேள்வி. நான் மண்டையை உடைத்து எத்தனையோ பகிடி கட்டியிருக்கிறேன், ஒன்றுகூட தொரை பங்களா வரைக்கும் ஏறியதில்லை. அவளோ பகிடி என்று நினைத்துச் சொல்லவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் என் வீட்டுக்காரர் கேட்கிற முதல் கேள்வி, இன்றைக்கு அந்தப் புள்ள என்ன சொல்லிச்சு என்பதுதான். அவர் வேறு எண்ணத்தில் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். அதனால்தான் கூடுதலாய் எரிந்தது. வேறு எண்ணம் என்றால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். நான் என்ன சொன்னேன் என்று ஒரு மனுசனும் கேட்கவில்லையே. அவர் கேட்பதும், நான் அவளைப் போலவே சொல்லிக் காட்டுவதும், அவர் விழுந்து விழுந்து சிரிப்பதும்! என் வாயாலேயே அவளை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தரம் யட்டியாந்தோட்டையிலிருந்து நானும் அவளும் கித்துல்கலப் பக்கம் பஸ்ஸில் போனோம். பக்கத்து சீட்டில் ஒரு வெள்ளைக்காரம்மா, மடியில் பெரிய பை. எங்களைப் பார்த்துச் சிரித்து, எப்படி இருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். நான் முந்திக்கொண்டேன். ஐ ஆம் ஃபைன், தேங்க் யூ, அண்ட் யூ? தண்ணிபோல வந்தது. அந்த அம்மாவும் நல்லாயிருக்கிறேன் என்றாள். முடிந்தது பேச்சு. அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பப் போன நேரத்தில் இவள் தாடையைப் பிடித்துக்கொண்டு, 'மை டூத் இஸ் பெய்னிங்' என்றாள். 'லெஃப்ட் சைட்.'

அவ்வளவுதான். அந்த அம்மா பையைக் கீழே வைத்துவிட்டாள். எத்தனை நாளாய், என்ன மருந்து, சூடு பட்டால் வலிக்கிறதா குளிர் பட்டால் வலிக்கிறதா என்று ஆரம்பித்தது, அந்த அம்மாவுடைய ஊர், அந்த அம்மாவுடைய பல், அந்த அம்மாவை விட்டுப்போன புருஷன் வரைக்கும் போனது. கித்துல்கல வரைக்கும் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. இவள் வார்த்தை கிடைக்காத இடத்தில் கையைக் காட்டினாள், வாயைத் திறந்து பல்லைக் காட்டினாள். அந்த அம்மா இறங்கும்போது இவளைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு 'பை பை' என்று கை ஆட்டினாள். சரியாய்ப் பேசியவள் நான். சரியாய்ப் பேசி, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷம் மழை விடவே இல்லை. வாரத்தில் பாதி நாள் பேர் இல்லை. அப்போதுதான் ஆற்றங்கரை ஹோட்டல் ஒன்றிலிருந்து சேரிடம் ஆள் கேட்டிருந்தார்கள். வாசலில் மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேச ஒரு பொம்பிளை வேண்டும், தமிழும் சிங்களமும் தெரிந்து, இங்கிலீஷ் ஓரளவு வந்தால் போதும் என்று. சேர் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போவதாய்ச் சொன்னார். வேலை ஒருத்திக்குத்தான்.

எனக்கு அந்த மேசை எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. முழங்கால் போய்க்கொண்டிருந்தது. வழுக்குகிற மலையில் வாளி தூக்கி ஏறும்போது கண்ணில் தண்ணி வரும். அதைவிட, உட்கார்ந்து பேசுவதற்கென்று உலகத்தில் ஒரு வேலை இருக்கிறது, அது என் வீட்டு வாசலுக்கே வந்திருக்கிறது என்பது. இதிலும் அவள் முந்தினால் எனக்கு என்று ஒன்றுமே மிஞ்சாது. அவளுக்கும் வேண்டும்தான். படுத்த படுக்கையாய் அம்மா, தங்கச்சியும் கட்டிக்கொண்டு போன பிறகு வேறு கை உதவி இல்லாத வீடு. அதையெல்லாம் நான் யோசிக்காமல் இல்லை. யோசித்துக்கொண்டேதான் அவளுக்கு வாய் குழற வேண்டும் என்று மாரியம்மனுக்கு நேர்ந்தேன்.

முந்தின நாள் அவள் என்னைத் தேடி வந்தாள். ஹோட்டலில் என்னென்ன கேட்பார்கள், வாங்க அக்கா சேர்ந்து படிப்போம் என்றாள். இரண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து மாறி மாறிக் கேட்டுக்கொண்டோம். நான் சொன்ன பதில்களைக் கேட்டு, எப்படி அக்கா நிறுத்தாம வருது, எனக்குக் கல்லுல நடக்கிறமாதிரி இருக்கே என்றாள். அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பது நினைவு வந்து, அந்த ஒரு பாராட்டை இரவெல்லாம் வைத்துக்கொண்டிருந்தேன்.

ஹோட்டல் முதலாளி சிங்களவர், மரியாதையாய் மஹத்தயா என்போம். நல்ல மனுசன். ஆறு தெரிகிற பெரிய ஜன்னலுக்குப் பக்கத்தில் எங்களை உட்காரவைத்து, தன்னையே வந்திறங்கிய வெள்ளைக்காரராய் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் கேட்டார். இன்றைக்கு ஆற்றில் படகில் போகலாமா, ஆபத்தில்லையா?

நான் சொன்னேன். ஆபத்தே இல்லை சேர், எங்கள் பையன்கள் கெட்டிக்காரர்கள், உங்களுக்கு ரொம்ப சந்தோஷமாய் இருக்கும். சிரித்துக்கொண்டே சொன்னேன். அதே கேள்வியை அவளிடம் கேட்டார். அவள் கதிரையை விட்டு எழுந்து ஜன்னலுக்குப் போய் ஆற்றைப் பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள். தண்ணி செம்மண் நிறம். மேலே மழை. எனக்குத் தெரியாது. படகுப் பையன்களிடம் கேட்டுச் சொல்கிறேன். இவ்வளவும் இங்கிலீஷில், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு பஸ் போகிற இடைவெளியோடு.

உங்கள் தோட்டத்தில் என்ன விசேஷம் என்று கேட்டார். பச்சை, அமைதி, குருவிகள் என்றேன் நான். அவள் யோசித்துவிட்டு, அட்டை என்றாள்.

மஹத்தயா மேசையில் தட்டிச் சிரித்தார். போச்சு என்று நினைத்தேன். அவர் சிரித்து முடித்து, சிங்களத்தில், மெதுவாய், மனம் நோகாமல் சொன்னார்: இங்கே வருகிறவர்கள் இரண்டு நாள் சந்தோஷமாய் இருக்க வருகிறவர்கள், அதற்கு இந்த அக்காவின் பேச்சுத்தான் சரி. விரல் என் பக்கம் இருந்தது.

எனக்குக் கிடைத்துவிட்டது.  எழுந்து கும்பிட்டேன். நாங்கள் வெளியே வரும்போது உள்ளே மஹத்தயா சமையல்காரரிடம் எதையோ சொல்லி இரண்டு பேரும் சிரிப்பது கேட்டது. காதைத் தீட்டினேன். அட்டை என்றாளாம், ஆற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாளாம். வேலை எனக்கு. அங்கேயும் அவர்கள் எடுத்து வைத்துக்கொண்டது அவளுடைய பேச்சை.

பஸ் நிறுத்தத்தில் நின்றோம். சேர் கொஞ்சம் தள்ளி ஃபோனில் இருந்தார். அவள் ஒட்டுப்பால் கறை போகாத கையால் நல்ல சேலையின் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல் தாயே, திட்டினாலும் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. திடீரென்று சேரிடம் போனாள். ஏதோ கேட்டாள். சேர் ஃபோனைக் கீழே இறக்கி, அவளை ஒரு மாதிரிப் பார்த்து, ஒரு சொல்லைச் சொன்னார். அவள் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

"ஐ ஆம் ஜெலஸ்" என்றாள்.

டிவியில் கேட்டிருக்கிறேன், எனக்குத் தெரிந்த சொல்தான். தெரியாதவள்போல முழித்தேன்.

"பொறாமையா இருக்குக்கா எனக்கு, ஒங்க மேல. அந்தச் சொல்லு தெரியல, அதான் சேர்கிட்ட கேட்டுக்கிட்டு வந்தேன்." மூச்சு விட்டுக்கொண்டாள். "தமிழ்ல சொன்னா நமக்குள்ள சண்டையாயிரும். இதுல சொன்னா லேசா இருக்கு."

வகுப்பு தொடங்கிய நாளிலிருந்து என் நெஞ்சில் கிடந்து புரண்ட சொல் அது. மூன்று பாஷை பேசுகிற வாய் எனக்கு. ஒரு பாஷையிலும் அதை வெளியே விட்டதில்லை. அவளுக்கு அது வந்து அரை மணி நேரம் ஆகவில்லை, அதற்குள் பேர் கேட்டு வாங்கி, என் கையில் கொடுத்துவிட்டு நின்றாள். எனக்கும்தான் புள்ள என்று சொல்ல வாய் எடுத்தேன். வந்தது 'தேங்க் யூ.'

அவள் சிரித்துவிட்டாள். பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் என் தோளில் தலையைப் போட்டு, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனாள். நான் அசையாமல், அவள் தலை சரியாமல் பிடித்துக்கொண்டு, யட்டியாந்தோட்டை வரைக்கும் முழித்தே இருந்தேன்.